கண்ணாடி பூத்த கார்

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து "யாரும் அசையாதீங்க" என்று அம்மாவின் குரல் வந்துவிட்டால், இருக்கிறவர்கள் இருந்தபடியே நிற்க வேண்டும். தூக்கிய காலைக் கீழே வைக்கக்கூடாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பவர் மட்டும் கையை நீட்டி மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். துடைப்பத்தை மனதால்கூட நினைக்கக்கூடாது. அம்மா தரையில் தவழ்ந்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, டார்ச் வெளிச்சத்தைப் படுக்கைவாட்டில் அடித்து, அரிசி நொய்யைவிடச் சிறிய ஒரு கதவுக் கைப்பிடியைக் கண்டெடுக்கும்வரை குடும்பமே சிலைதான். ஒருமுறை ஒரு குட்டிக் காரின் ஹாரன் பட்டன் தொலைந்தே போயிற்று. மறுநாள் அப்பா பஸ் டெப்போவில் ஷூவைக் கழற்றியபோது அது அவர் காலுறைக்குள் இருந்தது. அதை டிக்கெட் தாளில் மடித்து, சட்டைப்பையில் வைத்து, மாலையில் கொண்டுவந்து கொடுத்தார். "பயணி ஒருத்தர் டிக்கெட் எடுக்காம என் கூடவே வந்துட்டார்" என்றார்.

அந்த அம்மாவுக்குத் தெருவில் பல்லுக்கார அம்மா என்று பெயர். பல் லேப் ஒன்றில் வேலை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் கடைந்து, ஈறு நிறத்தில் வார்த்து, பல் பதித்து, பளபளவென்று தேய்த்து செட்டாக அனுப்பிவைப்பாள். தன் கையால் ஆன பல்லோடு யாராவது கடைத்தெருவில் எதிரே வந்து சிரித்தால், அவர்கள் இவளை அறியமாட்டார்கள்; இவள் பல்லை அறிந்துகொள்வாள். கீழ்வரிசையில் ஒரு பல்லை வேண்டுமென்றே துளி சாய்த்துப் பதித்தது நினைவுக்கு வரும். எல்லாப் பல்லும் நேராக இருந்தால் அது பொய்ப் பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அவள் தொழில் பாடம்.

கார் பைத்தியம் பிடித்ததும் அந்த லேப்பிலிருந்துதான். மகள் சின்னவளாக இருந்தபோது அவளுடைய பொம்மைக் காருக்கு ஒரு சக்கரம் போய்விட்டது. குழந்தை அழுதது. அம்மா அந்தக் காரைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மீந்துபோன ஈறுக் கலவையில் ஒரு சக்கரம் வார்த்தாள். மூன்று சக்கரம் கறுப்பு, ஒரு சக்கரம் ஈறு நிறம். அந்தக் காரை மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், இந்தக் காருக்குப் பல் முளைக்கப்போகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். ஆனால் அம்மாவுக்கு அன்று வேறொன்று நடந்துவிட்டது. அந்தச் சக்கரம் உருண்டது. அவள் செய்த பற்கள் எல்லாம் யாரோ ஒருவர் வாய்க்குள் போய் மறைந்துவிடும். இது மேசைமேல் அவள் கண் எதிரே உருண்டது. பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நிற்கவில்லை. ஊரில் பொம்மை விமானம், கப்பல், கார் எல்லாம் துண்டு துண்டாகப் பெட்டியில் விற்கிற ஒரு கடை இருந்தது. நிஜக் காரை இருபத்து நாலாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு, அந்த அளவு. பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டுகிறவர்கள் ஒரு ரகம். இவள் அந்த ரகம் இல்லை. வாங்கிய அன்றே ரம்பத்தை எடுத்துவிடுவாள். கூரையை அறுப்பாள், கதவைத் திறக்கிற மாதிரி ஆக்குவாள், முன் விளக்கைத் தோண்டி எடுத்து வேறு வைப்பாள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து அவள் தேய்க்கும் சத்தம்தான் அந்த வீட்டின் மாலைநேர ரேடியோ. நிஜக் காரின் பெயின்டையே வாங்கிப் பூசினால் குட்டிக் கார் கருத்துத் தெரியும், அதில் ஒரு சொட்டு வெள்ளை கலந்தால்தான் கண்ணுக்கு நிஜமாக இருக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல்லில் எத்தனை வெள்ளை உண்டென்று தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமா?

முதல் சக்கரத்தின் நினைவாக ஒரு பழக்கம் வைத்திருந்தாள். எந்தக் கார் செய்தாலும் அதில் ஏதாவது ஒன்று ஈறு நிறத்தில் இருக்கும். ஒன்றில் கியர் குமிழ். ஒன்றில் பின்சீட்டில் கிடக்கும் பந்து. ஒவ்வொரு கார் முடிந்ததும் கணவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஆறடி மனிதர், பஸ் ஓட்டுகிறவர். அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, ஒற்றைக் கண்ணை மூடி, கார் ஜன்னல் வழியாகத் தேடுவார். கண்டுபிடித்ததும் "ஈறு" என்பார், ஒரே ஒரு சொல். அவள் தலையாட்டுவாள். அவர்கள் இருவருக்கும் இடையில் அதுதான் கொஞ்சல், அதுதான் காதல் வசனம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? குறிப்பாக அவள் நாத்தனார் வாய். கணவரின் அக்கா, தாயில்லாத தம்பியைத் தாயாக வளர்த்தவள். வீட்டுக்கு வந்து மேசையைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவாள். "கார் வாங்க வக்கில்ல, கார் பொம்மைக்குக் கதவு வேற திறக்குது. இதுல ஏறி எந்த ஊருக்குப் போகப்போறீங்க?" பல்லுக்கார அம்மா சிரித்துக்கொண்டே, "நீங்க உக்காருங்க அண்ணி, பெயின்ட் காயட்டும், கிளம்பிடலாம்" என்பாள். எந்தக் கேலியும் அவளைத் தைத்ததில்லை. அவளைத் தைத்த முள் வேறு. அது அவள் கணவர் கையால் வைத்த முள்.

அவர்கள் கல்யாணம் இருவரும் தாங்களாகவே செய்துகொண்ட கல்யாணம். மாலை வாடுவதற்குள் அக்கா வீட்டு வாசலுக்குப் போய் நின்றார்கள். அக்கா கதவைப் பாதி திறந்து, "தலைக்கு மேல ஒரு கூரையைக் காட்டு. அதுக்கப்புறம் வந்து பேசு" என்று சொல்லி மூடிவிட்டாள். அப்போது அவர் முதலாளி ஒருவரின் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கூரை என்று சொல்லக் கையில் இருந்தது அந்தக் காரின் கூரைதான்.

அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் அந்தக் காரில் குடியிருந்தார்கள். பகலெல்லாம் அது சவாரி போகும். இருட்டியதும் டெப்போ மதிலை ஒட்டி ஒதுக்கி நிறுத்திவிட்டு, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தகரப் பெட்டியை இறக்கி, அதன்மேல் போர்வை போட்டால் அது கட்டில். மாற்றுத் துணியை மடித்து சீட்டு மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவாள். சவாரிக்காரர்கள் ஏறி உட்கார்ந்து இறங்க, மாலைக்குள் அது இஸ்திரி போட்டது மாதிரி ஆகிவிடும். அந்த நாட்களில்தான் லேப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலைவாரி, மடிப்புக் கலையாத உடையில் போய் நின்றவளைப் பார்த்து, நல்ல வசதியான வீட்டுப் பெண் என்று லேப்பில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு நாள்கூட அவள் அழவில்லை. அதுதான் அவள் வாழ்க்கையின் மகுடம். ராஜாத்திபோல் வாழ்ந்த காலம் எது என்று கேட்டால், பிற்பாடு வாங்கிய வீட்டைச் சொல்லமாட்டாள். அந்த மழைக்காலத்தைச் சொல்லுவாள். ஆனால் யாரிடம் சொல்ல? கணவர் எல்லோரிடமும் வேறு கதை சொல்லி வைத்திருந்தார். நண்பன் வீட்டு மாடி அறையில் இருந்தோம் என்றார். அக்காவிடம் சொன்னார், பிறகு மகளிடமும் அதையே சொன்னார். வருஷம் ஆக ஆக அந்த அறை வளர்ந்துகொண்டே போயிற்று. முதலில் அதற்கு ஒரு ஜன்னல் வந்தது. பிறகு பால்கனி வந்தது. பால்கனியில் புறா வந்தது. அவர் பால்கனியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பல்லுக்கார அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தான் தலைநிமிர்ந்து வாழ்ந்த காலத்தை இந்த மனிதர் வெட்கப்பட்டு மூடிவைக்கிறாரே என்று நெஞ்சுக்குள் ஒன்று கரிக்கும். கேட்டால் சண்டை வரும், கேட்காவிட்டால் வலிக்கும். அவள் கேட்கவில்லை.

அதனால்தான் ஒரு நாள் அவராகவே, "நான் ஓட்டின முதல் காரை ஒண்ணு செஞ்சு தாயேன். பளபளன்னு, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி" என்று கேட்டபோது அவள் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

அந்தக் கார் எந்தக் கடைப் பெட்டியிலும் வரவில்லை. அதன் தங்கச்சி மாதிரியான வேறொரு காரை வாங்கினாள். வாலை அறுத்துக் குட்டையாக்கினாள். வளைந்த கூரையைச் சூடு காட்டி நிமிர்த்தினாள். முன்பக்கக் கம்பிப் பல்வரிசையை, ஆமாம், பல்வரிசையேதான், மெழுகில் கடைந்து வார்த்தாள். அந்த ஊரில் அதை அவளைவிட ஒழுங்காக யார் செய்ய முடியும்? முன் பம்பரின் இடது மூலையில் ஒரு சின்ன நசுங்கலை மட்டும் விட்டுவைத்தாள். பல்லை ஒரு துளி சாய்த்து வைக்கிறவள் அல்லவா? கணவர் நசுங்கலைத் தடவிப் பார்த்தார். நிறம் சரியாக இருக்கிறது என்றார். ஈறு எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை. முதல்முறையாக அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இருக்கு, தேடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை நகர மண்டபத்தில் பொம்மை மாதிரிகளின் கண்காட்சி நடக்கும். கார்களுக்கு ஒரு மேசை, விமானங்களுக்கு ஒன்று, கப்பல்களுக்கு ஒன்று, சின்னச் சின்ன வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் சுவரோரமாக ஒன்று. பல்லுக்கார அம்மா கார் மேசையில் பல தடவை இரண்டாம் பரிசோடு திரும்பியிருக்கிறாள். இந்தக் காரைப் பார்த்த மாடல் கடைக்காரர், அவர்தான் கார்களுக்கு நடுவர், கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்தத் தடவை உங்களுக்கு மேல ஆள் கிடையாதும்மா" என்று சொல்லியிருந்தார். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் விடுப்பெடுத்து வந்துவிட்டாள். அத்தையையும் கண்காட்சிக்குக் கூட்டிவருவதாகச் சொன்னாள். அது கேட்டு அம்மாவுக்குப் பாதி சந்தோஷம், பாதி கிலி.

முந்தின நாள் மதியம் லேப்பிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். மறுநாள் மேடையேறிப் பாடவேண்டிய ஒருவரின் பல் செட் விரிசல் விட்டுவிட்டதாம். அவள் போய்விட்டாள். வீட்டில் கணவர், மகள், பெட்டிக்குள் அந்தக் கார்.

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு ஊரே பார்க்கப்போகிறது, ஈறு எங்கே என்று தனக்கே தெரியவில்லையே என்று காரை வெளியே எடுத்தார். சாய்த்தார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். டிக் என்று ஒரு சத்தம். பின்கண்ணாடி கழன்று கையில் வந்துவிட்டது. அந்த மேசையில் ஒருபோதும் கை வைக்காத மனிதர், அவள் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டுமென்று பசையைத் தேடினார். கண்ணாடிக்கென்று அவள் வைத்திருந்த வெள்ளைப் பசையை அவருக்குத் தெரியாது. நொடியில் ஒட்டும் பசையை எடுத்தார். தாராளமாகவே விட்டார். கண்ணாடியைப் பதித்து, தூசு படாமல் காயட்டும் என்று பெட்டியில் வைத்து இறுக்கி மூடினார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் காபி போட்டுக் குடித்தார்.

இந்தப் பொழுதுபோக்கில் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு. அந்தப் பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகாதே. கொண்டுபோனாலும் காற்றோட்டம் இல்லாமல் மூடாதே. அதன் ஆவி எழுந்து, தெளிவான பிளாஸ்டிக்கில் எல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும்.

மாலையில் அவள் வந்து பெட்டியைத் திறந்தாள். காரின் எல்லாக் கண்ணாடியும் பூத்திருந்தது. புரை விழுந்த கண்போல வெள்ளை. உள்ளே இருந்த ஸ்டியரிங் இல்லை, சீட்டு இல்லை, எதுவும் தெரியவில்லை. எத்தனை மாத மாலைகள் அந்த வெள்ளைக்குப் பின்னால் போய்விட்டன.

கணவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியார் முன்னால் உட்காருவதுபோல. "அளவாத்தான் போட்டேன்" என்றார். அவள் காரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளுக்குப் பயம் வந்துவிட்டது. "அம்மா, ரெண்டு திட்டாவது திட்டிடும்மா. நீ பேசாம நிக்கறதுதான் பயமா இருக்கு" என்றாள்.

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று இருவரும் எழுந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீரும் வந்துகொண்டிருந்தது. எது எதனால் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"என்னங்க, இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க. இதைப் பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் வரலையா?"

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கண்ணாடியை மாத்த முடியாதா?" என்று கேட்டார்.

மாற்ற வேண்டாம், வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசினால் பூத்தது எல்லாம் மறைந்து தெளிந்துவிடும் என்றாள் அவள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "முழுசாத் தெளிய வைக்கவா? இல்ல, இப்படியே விடவா? நீங்க சொல்லுங்க."

"உன் காரு. உன் இஷ்டம்" என்றார் அவர். இத்தனை வருஷமும் பால்கனிக்குப் பின்னால் ஒளிந்தவர், இன்றும் ஒளிந்துகொண்டார்.

அவள் காரைக் கவிழ்த்து அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். அடித்தட்டோடு சேர்ந்து உள்பாகம் முழுவதும் தனியாக வந்தது. மேசைமேல் வைத்தாள். மூடியிருந்தவரை ஜன்னல் வழியே யார் கண்ணுக்கும் எளிதில் படாதபடி தாழ்வாக அவள் செய்துவைத்திருந்ததெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுப்பள்ளத்தில் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் சுருட்டிய போர்வை. சீட்டு மெத்தையின் அடியிலிருந்து துளி எட்டிப் பார்க்கும் ஒரு துணி மடிப்பு. டாஷ்போர்டுக்கு அடியில், கதவோரமாக, ஈறு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மக். அதற்குள் இரண்டு பல்துலக்கும் பிரஷ்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி.

"ஈறு" என்றார் அவர்.

அவள் தூரிகையை வார்னிஷில் தொட்டு, காரின் உள்பக்கமாக நுழைத்து, முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கம் கொண்டுபோனாள். விடிந்ததும், காரில் ஆளைக் கண்டால் விரட்டுகிற டெப்போ வாட்ச்மேன் வருகிறானா என்று பார்க்க அவர் துடைக்கிற இடம் அதுதான் என்பது அவள் நினைவு. தூரிகை படப்போகும் நேரத்தில் அவர் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அங்க இல்ல. அங்க துடைச்சா அவன் நம்மளப் பார்த்துடுவான். நான் துடைச்சது பக்கத்துக் கதவுக் கண்ணாடியில. உன் சால்வை நுனியால. வட்டமா இல்ல, கோணலா."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த மழைக்காலத்தைப் பற்றி, கல்யாணம் ஆனதிலிருந்து, அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. "எந்த வாட்ச்மேன்பா?" என்று மகள் கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "அது அப்பா சொல்லவேண்டியது" என்றாள் அம்மா. கதவுக் கண்ணாடியில் கோணலாக ஓர் இடத்தை மட்டும் தெளியவைத்தாள். மற்றதெல்லாம் பூத்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மண்டபத்தில் அவளுடைய கார் நடுநாயகமாக இருந்தது. சுற்றிலும் கண்ணாடி பளிச்சென்று மின்னும் கார்கள். கணவர் பின்னால் கைகட்டி நின்றார். மகள் அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். அண்ணிக்கு முழங்கால் மடங்காது. ஆனாலும் நாற்காலி வேண்டாமென்று நின்றே பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியைத் துடைச்சிருக்கலாம்" என்று தொடங்கினாள்.

கடைக்காரர் வரிசையாக வந்தார். இந்தக் காருக்கு வந்ததும் அவர் முகம் விழுந்தது. "என்னம்மா இது, கண்ணாடி பூத்துப்போச்சே. பசையா?" என்றவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்களா?" என்றார்.

அந்த "நீங்களா"வில் எத்தனை வருஷத்து மரியாதை சரிந்தது. பசை தவறியது நிஜம். அதை அப்படியே வைத்துக்கொண்டது வேண்டுமென்று செய்தது. ஏன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்த வாக்கியம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அண்ணி நின்றாள். கணவரின் பொய்யை அவர் அக்கா முன்னால், ஊர் முன்னால், தன் வாயால் உடைப்பதா? பரிசு போகட்டும், பேர் போகட்டும், அவர் தலை குனியக்கூடாது. வாக்கியத்தை விழுங்கினாள். "நடந்துபோச்சு சார்" என்றாள்.

"அதான் அப்பவே சொன்னேன். பல்லு கட்டறவ பல்லோட நிக்கணும்" என்றாள் அண்ணி.

கடைக்காரர் நகரப்போனார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த ஆறடி மனிதர் முன்னால் வந்தார்.

"ஒரு நிமிஷம் சார். அது தப்பு இல்ல. உள்ள ஆள் இருக்காங்க."

கடைக்காரர் நின்றார். "ஆளா?"

"ரெண்டு பேர். வெளிய மழை. நாலு கண்ணாடியையும் ஏத்திவிட்டுட்டு விடியவிடிய ரெண்டு பேர் மூச்சு விட்டா இப்படித்தான் பூக்கும். அந்தக் கோணல், காலையில நான் துடைச்ச இடம். கல்யாணம் ஆன புதுசுல நானும் இவளும் ஒரு மழைக்காலம் பூரா இதுலதான் குடியிருந்தோம்."

பல்லுக்கார அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த சொல்! அது அவள் காதோடு ரகசியமாக வரவில்லை. ஊர் நடுவே, நிமிர்ந்த குரலில் வந்தது.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பா, அப்ப மாடி ரூம்? பால்கனி?"

"டிக்கியைத் திறந்து வச்சிட்டு அதுல உக்கார்ந்தா, அதுதான் பால்கனி" என்றார். பிறகு அவசரமாக, "ஆனா புறா நிஜம். காலையில கார் மேல வந்து உக்காரும். அம்மாவைக் கேளு" என்றார்.

அம்மா தலையாட்டினாள்.

அண்ணியின் முகத்தை யாரும் பார்க்கத் துணியவில்லை. அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூரையைக் காட்டுன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேனேடா" என்றாள்.

"கூரை இருந்துச்சேக்கா. தகரக் கூரை. ஒரு சொட்டு ஒழுகல."

"எங்கிட்ட ஏன்டா மறைச்ச?"

"உன் முன்னால சின்னதாயிடுவேன்னு நினைச்சேன். நேத்து சாயங்காலம் இவ அதையெல்லாம் பிரிச்சு மேசைமேல வச்சா. சின்னதா இருந்தது நான்தான், அந்தக் கார் இல்லைன்னு புரிஞ்சுது."

அண்ணி கடைக்காரரிடம் கை நீட்டினாள். அவர் கழுத்திலிருந்து பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மடங்காத முழங்காலை மடக்கி, மேசையைப் பிடித்துக் குனிந்து, அந்தக் கோணல் வழியாக உள்ளே பார்த்தாள். "என்னடி அது, ரோஸ் கலர்ல?" என்றாள். "மக் அண்ணி. அதுல ரெண்டு பிரஷ்" என்றாள் இவள். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த ஒட்டடைக்குச்சி இதுல எப்படிக் காலை நீட்டினான்?" என்றாள்.

"நீட்டல அண்ணி. மடக்கித்தான்."

"ஒரு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கலாமேடி."

"தட்டியிருந்தா நீங்க திறந்திருப்பீங்க அண்ணி. அப்புறம் எங்களுக்கு இந்தக் கார் கிடைச்சிருக்காது" என்றாள் பல்லுக்கார அம்மா. அந்தப் பதிலில் குத்தல் இல்லை. ராஜாத்தி ஒருத்தி தன் அரண்மனையைப் பற்றிச் சொல்லும் தோரணைதான் இருந்தது. அண்ணி அவள் கன்னத்தைத் தடவினாள். தடவிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

கடைக்காரர், தாமே அவசரப்பட்டுவிட்டதாகவும், அந்தக் கண்ணாடியை இனிமேல்தான் சரியாகப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்ன விதத்திலேயே முதல் பரிசு யாருக்கு என்பது தெரிந்துவிட்டது. கணவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. காரை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார், பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அந்த மேசைக்கு." சுவரோரத்தில் வீடுகள் வைத்திருந்த மேசையைக் கண்ணால் காட்டினார். ஓட்டு வீடு, மாடி வீடு, தோட்டத்து வீடு என்று அங்கே ஒரு குட்டி ஊரே இருந்தது.

"அங்க போனா கார் பரிசுக்கு எடுத்துக்க முடியாதுங்க. அங்க நடுவர் வேற. யோசிச்சுக்குங்க."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நேற்று உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஒளிந்தவர், இன்று கண்ணுக்குக் கண் பார்த்து நின்றார். "உன் காரு. நீ சொல்லு. வச்சிடவா?"

வருஷா வருஷம் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன முதல் பரிசு. அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஒரு கணம் யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"கார் இல்லீங்க. நம்ம வீடு. தூக்குங்க."

அவர் நடந்தார். கூட்டம் வழிவிட்டது. ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் நடுவே, பம்பர் நசுங்கி, கண்ணாடி பூத்து, அந்தக் கார் போய் உட்கார்ந்தது. அன்று அதற்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. ஆனால் மற்ற மேசைகளில் ஆள் குறையக் குறைய, அந்த மேசையைச் சுற்றி மட்டும் கூட்டம் நெருக்கியது. அண்ணி அங்கேயே நின்றுவிட்டாள். கடைக்காரரின் பூதக்கண்ணாடியைத் திருப்பித் தரவேயில்லை. வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு, "குனிஞ்சு பாருங்க. துடைச்ச இடத்துல பாருங்க. என் தம்பியோட முதல் வீடு. என் தம்பி பொண்டாட்டி கையால கட்டினது. கதவு எல்லாம் திறக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் தானும் ஒரு நாள் தங்கியவள்போலவே பேச ஆரம்பித்துவிட்டாள்.

யாரோ ஒருவரின் முழங்கை மேசையில் இடித்தது. டிக் என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியின் துடைப்பான் ஒன்று தெறித்துப் போயிற்று.

"யாரும் அசையாதீங்க."

மண்டபமே அப்படியே நின்றது. கணவர் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பல்லுக்கார அம்மா திகைத்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஏனென்றால் அந்தக் குரல் அவளுடையது இல்லை. மடங்காத முழங்காலோடு அண்ணி ஏற்கெனவே தரையில் இறங்கியிருந்தாள். கன்னத்தைத் தரையில் வைத்து, பூதக்கண்ணாடியை முன்னால் பிடித்துக்கொண்டு, மெல்லத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள்.